பாலம் தாங்காத பலம்

“அந்த டாங்கி மட்டும் களத்துக்கு வந்திருந்தால் போரின் முடிவே வேறு.” இரண்டாம் உலகப் போர் பற்றிய பேச்சில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஜெர்மனியின் மௌஸ்தான் இந்த பக்தர்களின் குலதெய்வம். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது, 188 டன். உருவானவை இரண்டே மாதிரிகள்.

சரி, வந்திருந்தால்? சாதாரணப் பாலம் எதுவும் அதைத் தாங்காது. ஆகவே ஆற்றின் அடியில் ஊர்ந்து போகட்டும் என்று திட்டமிட்டார்கள். அப்போது அதன் மோட்டாருக்கு மின்சாரம் தர, இன்னொரு மௌஸ் கரையில் நின்று கேபிள் நீட்டவேண்டும். ஒன்று ஆற்றைக் கடக்க இன்னொன்று காவல் நிற்கும் படையை வைத்துக்கொண்டு எந்த ஊரைப் பிடிப்பது?

புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குக் கனரக இயந்திரம் ஏற்றிவரும் டிரெய்லர் ஓட்டுநருக்கு இது பாடம் எடுத்துச் சொல்லவேண்டிய விஷயமல்ல. வழியில் எந்த மதகு பழசு, எந்த வளைவில் வண்டி திரும்பாது, எங்கே கரண்ட் கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் லோடுக்குச் சம்மதிப்பார். நம் ராணுவ ரசிகர்களோ எஃகின் தடிமனையும் குழாயின் விட்டத்தையும் மனப்பாடம் செய்கிறார்கள். பாலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணிலிருந்து எழுதும்போது பிரான்ஸின் கதையை விடமுடியாது. ஷார் 2சி, 69 டன், உள்ளே 12 பேர். 1919 தாக்குதலுக்கென்று ஆர்டர் கொடுத்தார்கள்; போர் 1918 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. கடைசியில் செய்தது 10 வண்டி. இருபது ஆண்டுகள் அவை பிரான்ஸின் பெருமையாக நின்றன. 1940 ஜூனில் ரயிலேற்றிப் பின்வாங்கும்போது தண்டவாளம் அடைபட்டது. இறக்கி ஓட்ட வழியில்லாமல், சொந்தச் சிப்பாய்களே அவற்றுக்கு வெடிவைத்தார்கள். எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. தங்கள் விமானங்கள் நொறுக்கியதாக ஜெர்மானியர் பீற்றிக்கொண்டது தனிக் கூத்து.

போருக்குப் பிறகும் பாடம் பாதிதான் ஏறியது. 50 டன்னைத் தாண்டிய பிரெஞ்சு டாங்கி ஏஎம்எக்ஸ்-50 மாதிரிகளோடு நின்றுபோனது. அதே காலத்தில் உருவான ஏஎம்எக்ஸ்-13, ஏறக்குறைய 15 டன், பல நாடுகளுக்கு விற்றது; இந்தியாவும் வாங்கியது. 1962 அக்டோபரில் அவற்றை ஏஎன்-12 விமானங்களில் ஏற்றி, லடாக்கின் சூசூலில், 14,000 அடிக்கு மேல், இறக்கினார்கள். தகடு மெல்லியது, பேட்டன் போன்ற கனமான டாங்கியோடு நேருக்கு நேர் மோதினால் தாங்காது, உண்மை. ஆனால் தேவைப்பட்ட இடத்தில் அது இருந்தது.

இனி நம் ஆவடி. இறக்குமதித் தரகர்கள்தான் அங்கே உருவான அர்ஜுன் டாங்கியைக் கவிழ்த்தார்கள் என்பது இன்னொரு மந்திரம். 2010-இல் ராஜஸ்தானில் டி-90-உடன் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் அர்ஜுன் நன்றாகவே ஓடியது. அதைக் குறைத்துப் பேசுபவன் நானில்லை. ஆனால் 1974-இல் அனுமதி பெற்று, முப்பது ஆண்டு கழித்துப் படைக்குப் போன வண்டி 58.5 டன். அடுத்த வடிவம் 68 டன். 2021-இல் அதில் 118-க்கு ஆர்டர் கிடைத்தது. இந்தக் கனத்துக்குத் திணறும் ரயில் வேகனுக்கும் பாலத்துக்கும் யார் கமிஷன் கொடுத்தார்கள்? 2020-இல் சீனா லடாக்கில் முட்டியபோது மேலே போனவை இறக்குமதி வழியில் வந்த டி-72-ம் டி-90-ம்தான். அதிலும் டி-90 சுமார் 46 டன், அங்கே அதுவே கனம் என்றாகிவிட்டது. அடுத்து இலகு டாங்கி கேட்ட ராணுவம் விதித்த வரம்பு 25 டன். ஜோராவர் என்ற பெயரில் 2024-இல் வெளியே வந்த அதை, எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது அர்ஜுனைப் பெற்ற அதே ஆவடி ஆய்வகம்.