ஆஸ்பத்திரிச் சீட்டில் வேலையையும் எழுதுங்கள்: பஞ்சுத் தூசி நோய் குறித்து எங்கள் நிலைப்பாடு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் காட்டுவேலை கிடையாது. பல வீடுகளில் மில் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. ஆகவே மில்களை மூடச் சொல்ல நாங்கள் வரவில்லை. அங்கே உழைத்து மூச்சு கெட்டவருக்கு, அது வேலையால் வந்த நோய் என்று எழுதித்தர வேண்டும் என்கிறோம்.

பேல் பிரிக்கும் இடம், புளோ ரூம், கார்டிங் இவற்றில்தான் தூசி அதிகம். கெடுதல் செய்வது வெறும் பஞ்சு இழை அல்ல. அதோடு வரும் காய்ந்த இலைத்தூளும், அதில் ஒட்டியுள்ள பாக்டீரியா நச்சும். இவற்றால் வரும் நோயின் பெயர் பிசினோசிஸ். வார லீவு முடிந்து ஷிப்டுக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும், மறுநாள் தணிந்துவிடும். தணிவதுதான் ஆபத்து, யாரும் டாக்டரிடம் போவதில்லை. வருஷங்கள் போனால் இறுக்கம் வாரம் முழுக்க நீடிக்கும். அதன்பின் வேலையை விட்டாலும் இளைப்பு விடாது. தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலக்கினால் மீளலாம்.

எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் தெரியாது. "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்காத டாக்டர் ஆஸ்துமா என்றோ பீடி இருமல் என்றோ எழுதி அனுப்பிவிட இடமிருக்கிறது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பிசினோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டு, கண்டறியும் டாக்டர் அரசுக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்நோய் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டமும் இதைத் தொழில்சார் நோயாக ஏற்கிறது. சட்டத்தில் குறையில்லை, சீட்டில் எழுதப்படாததால் ஈட்டுத்தொகைக்கு வழியில்லாமல் போகிறது.

தூசியைக் குறைக்கச் சொன்னால், செலவு கட்டாது என்பது பழைய பதில். அமெரிக்காவில் 1978-இல் நூற்பு மில்களுக்குக் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று தூசி வரம்பு வைத்தபோது முதலாளிகள் அதைச் சொல்லித்தான் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1981-இல் தோற்றார்கள்.

மூக்கில் துணி கட்டச் சொல்வதோடு நிர்வாகம் கைகழுவக் கூடாது. தூசியை எந்திரத்தின் வாயிலேயே உறிஞ்ச வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டும். லீவு முடிந்த முதல் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்து நடத்தி, முடிவை அவர்கள் கையில் தர வேண்டும். அதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் வந்து சரிபார்க்க வேண்டும்.

மில்லுக்குப் போகும் அண்ணன்மாரே, அக்காமாரே: இருமலுக்கு எந்த ஆஸ்பத்திரி போனாலும், எந்தப் பகுதியில் எத்தனை வருஷம் வேலை என்று சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள்.