குரலே காட்டிய கொலை!

நோயாளிப் பெண் ஒருத்தி டெலிபோனை எடுத்தாள். லைன் மாறி, இரண்டு ஆண்களின் பேச்சு கேட்டது. கொலைச் சதி! கொல்லப்பட இருந்தவள் அவளேதான்!

1943-ல் அமெரிக்க ரேடியோவில் வந்த மர்ம நாடகம் இது. கத்தியும் தெரியவில்லை, ரத்தமும் தெரியவில்லை. நடிகை ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரலே கேட்டவர்களை நடுங்க வைத்தது.

தமிழ்நாட்டில் சென்னை வானொலி 1938-ல் தொடங்கியது. கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் கூட்டம் கூடியது. பயந்த பிள்ளை தாயை ஒட்டிக்கொண்டு நாடகம் கேட்டது.

இன்று, பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள நாவலூரில் அடுக்குமாடி வீடுகள். வீட்டில் நாலு பேர், நாலு செல்போன், நாலு மூலை! பிள்ளை பயந்தாலும் தாய்க்குத் தெரிவதில்லை.

பழைய நாடகங்களை வானொலி மறுபடி ஒலிபரப்பட்டும். வாரத்தில் ஓர் இரவாவது குடும்பம் விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து கேட்கட்டும்!