மருந்துண்ட பூனையின் உறக்கம்

பூனை உறங்குவதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. நலமுள்ள பூனையே நாளொன்றில் 12 முதல் 16 மணித்தியாலம் வரை கண்ணயர்ந்து கிடக்கும். ஆயினும், கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்தோ கால் முறிவுக்குக் கட்டுப் போட்டோ, நோவுக்கான மருந்துடன் மிருக வைத்தியரிடமிருந்து திரும்பிய பூனை, சுருண்டு படுத்து எழ மறுத்தால் வீட்டார் கலங்குவர். "மருந்து கூடிவிட்டதோ?" என்று தாயார் கேட்பார். "நோவு தணிந்ததனால் தூங்குகிறது" என்று தந்தையார் சமாதானம் சொல்வார். எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தாலன்றி இவர்களுள் யார் சொல்வது சரியென்று கூற இயலாது.

அபின் இனத்தைச் சேர்ந்த பியூப்பிரனோர்பின் பெற்ற பூனை அரைத்தூக்கத்தில் கிடக்கும். சில வேளை முன்னங்கால்களால் பாயைப் பிசைந்து குறுகுறுக்கும். இவ்வினத்து மருந்தால் மனிதருக்குக் கண்மணி சுருங்கும். பூனைக்கோ அது அகல விரியும். அதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. நரம்பு நோவுக்குக் கொடுக்கப்படும் கபாபென்டின் தூக்கத்துடன் தள்ளாட்டத்தையும் தரும். கள்ளுண்டவனைப் போல் நடக்கும் பூனையை மதிலிலும் மாடிப்படியிலும் ஏறவிடலாகாது. சிறுநீரகம் பழுதுற்ற பூனையின் உடலில் இம்மருந்து நெடுநேரம் தங்குமாதலால், அக்குறையுண்டெனின் வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும்.

இத்தகைய உறக்கத்துக்கு அஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உளர். அது கொடுமை. நோவை மறைப்பதில் பூனைக்கு நிகரான மனிதரை நான் கண்டதில்லை. அது கத்தவில்லை என்பதனால் நோவில்லை என்று கொள்ளலாகாது. பெயர் சொல்லி அழைக்கையில் காது அசைகிறதா, மீன் வாசனைக்குத் தலை தூக்குகிறதா, பல்முரசு இளஞ்சிவப்பாய் இருக்கிறதா, உறக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேற்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாயின் உறங்கவிடுங்கள். எழுப்பியும் எழாவிடின் உடனே வைத்தியரை நாடுங்கள்.

மெலோக்சிகாம் வேறு வகை. அது பொதுவாகத் தூக்கம் தரும் மருந்தன்று. ஆகவே அதனை உண்ட பூனை சோர்ந்து, உணவை வெறுத்து, வாந்தியும் எடுத்தால் சிறுநீரகத்துக்குத் தீங்கு நேர்ந்ததோ என ஐயுறல் வேண்டும். இம்மருந்தைப் பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்ததனால் சிறுநீரகம் செயலிழந்து மரணம் நேர்ந்ததுண்டு என்று, 2010ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் எச்சரிக்கை பொறிக்கச் செய்தது. ஐரோப்பாவிலோ மிகக் குறைந்த அளவில் நெடுநாட் கொடுக்கவும் அனுமதியுண்டு. வைத்தியர் குறித்த அளவுக்கு மேல் ஒரு துளியும் கொடாதீர்கள்.

இவை யாவற்றிலும் கொடியது நம் வீட்டு மேசை லாச்சியிலேயே இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் பாட்டிக்குத் தலையிடியென்றாலும் நாம் தேடும் பனடோல்தான் அது. அதிலுள்ள பரசிற்றமோலை நமது ஈரல் பெரும்பாலும் ஒருவகை அமிலத்துடனும் கந்தகச் சேர்வையுடனும் பிணைத்துச் சிறுநீர்வழி போக்கிவிடுகிறது. அவ்வமிலத்துடன் பிணைக்கும் நொதியம் ஒன்று பூனைக்கில்லை. அதற்குரிய பரம்பரையலகு சிதைந்து கிடக்கிறது. சிங்கத்துக்கும் புலிக்கும் இதே குறைதான் என்பதை மாணவர் குறித்துக்கொள்க. வெளியேறாத மருந்து நஞ்சாகி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே, 4 கிலோகிராம் நிறையுள்ள பூனையைக் கொல்லப் போதும்.

இவ்வாறு நஞ்சுண்ட பூனையும் முதலில் சோர்ந்துதான் படுக்கும். ஆனால் அதன் முரசு கபிலமாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு முட்டும். "தூங்குகிறது, விடியட்டும்" என்று காத்திராதீர்கள். அசிற்றைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்து உண்டு. அதுவும் சில மணித்தியாலங்களுக்குள் கொடுத்தாற்றான் நற்பலன் தரும். பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டோடும்போது, கொடுத்த குளிசையின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் ஒளிக்காமற் சொல்லுங்கள்.