மருந்துக்கு முன் வேரைப் பாருங்கள்

சீனப் புத்தாண்டு முடிந்து சில வாரங்கள் கழித்து, அடுக்குமாடி வீடுகளின் குப்பை போடும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பூ உதிர்ந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் செடிகள், சுற்றிய பளபளப்புக் காகிதத்தோடு அங்கே கிடக்கும். அவற்றில் பல இன்னும் உயிருள்ளவை. பூ முடிந்ததையே சாவு என்று எண்ணி வீசிவிட்டார்கள். செடியைக் காப்பாற்ற நினைப்பவர்களோ வேறு வழியில் போகிறார்கள். ஓர் இலை மஞ்சளானதும் கடைக்கு ஓடிப் பூஞ்சை மருந்து, பூச்சி மருந்து, உரம் என்று மூன்று புட்டிகளை வாங்கி வந்து, மூன்றையும் ஒரே வாரத்தில் ஊற்றிவிடுகிறார்கள்.

இருவரும் செய்வது ஒரே தவறுதான். செடியைப் பரிசோதிக்காமலேயே தீர்ப்பு எழுதுகிறார்கள். வீட்டு ஆர்க்கிட்டுக்கு முதலில் தேவைப்படுவது ஐந்து நிமிடப் பரிசோதனை. மருந்து வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். அந்தப் பரிசோதனை வேரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேர் சொல்லும் செய்தி

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் இனத்தவை. அவற்றின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழை பெய்யும்போது அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் காய்ந்துவிடும். நனைந்த வேர் பச்சையாகவும் காய்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் தெரிவதற்கு அதுவே காரணம். நனைவது, காய்வது என்ற இந்த மாற்றம்தான் ஆர்க்கிட் வேரின் இயல்பு. எப்போதும் ஈரத்திலேயே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது; அழுகத் தொடங்கும்.

அன்பளிப்பாக வரும் செடிகளைப் பாருங்கள். அடியில் துளையே இல்லாத அழகான பீங்கான் தொட்டிக்குள், பாசி இறுக்கி அடைத்த பிளாஸ்டிக் குவளைகள் இரண்டு மூன்று இருக்கும். மேற்பாசி காய்ந்து தெரியும். குவளையின் நடுவே பல நாள் ஈரம் தங்கியிருக்கும். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து நாம் மறுபடியும் தண்ணீர் ஊற்றுவோம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் போதாத செடியின் இலையும் சுருங்கித் தொங்கும். தண்ணீர் மிகுந்து வேர் அழுகிய செடியின் இலையும் அப்படியேதான் தொங்கும். வேர் இல்லாத செடியால் நீரை எடுக்க முடியாது அல்லவா? வெள்ளத்தின் நடுவே அது தாகத்தில் வாடுகிறது. இலையை மட்டும் பார்ப்பவர் இன்னும் நீர் ஊற்றுவார். செடி இன்னும் வேகமாகச் சாகும். உரம் ஊற்றினால் எஞ்சிய வேர்களும் கருகும்.

ஆகவே செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுங்கள். பாசியை நீக்கி வேரைக் கழுவி, விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் நின்றால் அது செத்த வேர். கத்தரியை நெருப்பில் சூடாக்கி, ஆறிய பிறகு, செத்த வேர்களை மட்டும் வெட்டுங்கள். வெட்டுக்காயம் காய ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு, துளையுள்ள தொட்டியில் கரித்துண்டும் செங்கல் துண்டும் இட்டு நட்டு வையுங்கள். நம் வட்டாரத்தில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இதுதான். புதிய வேர் நுனி தெரியும்வரை உரம் வேண்டாம்.

புள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல

அடுத்து இலைப் புள்ளிகள். எல்லாப் புள்ளிக்கும் பூஞ்சை மருந்து தெளிப்பது வீண்வேலை. பாக்டீரியா அழுகலுக்குப் பூஞ்சை மருந்து பொதுவாக உதவாது. வெயிலில் வெந்த இலைக்கு எந்த மருந்தும் உதவாது.

எளிய வழி ஒன்று இருக்கிறது. புள்ளியின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டு மூன்று நாள் பொறுங்கள். கோட்டைத் தாண்டாமல், வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்துக் காய்ந்த திட்டாக இருந்தால் அது வெயில் காயம். செடியைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினால் போதும். மெதுவாகப் பரவி, குழிந்து, வளையம் வளையமாகக் காய்ந்தால் பூஞ்சையாக இருக்கக்கூடும். நீர் கோத்தது போல மென்மையாகி, துர்நாற்றம் வீசி, கோட்டை ஒரே நாளில் தாண்டிவிட்டால் அது பாக்டீரியா அழுகல். அப்போது மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. நல்ல பகுதியிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேர்த்து உடனே வெட்டி எறிந்துவிட்டு, செடியைத் தனியாகக் காற்றோட்டத்தில் வையுங்கள். இனி காலையிலேயே நீர் ஊற்றுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்க விடாதீர்கள். ஃபெலனாப்சிஸ் செடியின் குருத்து அழுகினால் அது பிழைப்பது கடினம்.

பூச்சிகளிலும் இதே விதிதான். இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. எறும்புகள் வரிசையாக ஏறினால் அங்கே தேடுங்கள். அது சுரக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போகும். முட்டைகள் பின்னர் பொரிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்குத் துடைக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போல இருந்தால் அது சிலந்திப்பேன். அது பூச்சியினமே அல்ல. எட்டுக் கால்கள் கொண்ட சிலந்தியின் உறவு. பல பூச்சி மருந்துகள் அதனிடம் பலிக்காமல் போவது அதனால்தான். ஈரத் துணியால் அடியிலையைத் துடைத்துக் கழுவுவது நல்ல தொடக்கம்.

நம் வீடுகளில் தேவையில்லாமல் மருந்து தெளிப்பதை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீவக வீடுகளில் செடி இருப்பது பெரும்பாலும் பொது நடைவழியில். நீங்கள் தெளிக்கும் மருந்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது.

நோயல்லாத நோய்கள்

சில குறைகள் நோயே அல்ல. அடியிலுள்ள மூத்த இலை ஒன்று மெல்ல மஞ்சளாகி உதிர்வது இயற்கை. பெரிய பூ ஃபெலனாப்சிஸ் மறுபடி பூக்காததும் அப்படித்தான். அதற்குப் பூந்தண்டு உருவாகச் சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். 28 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் நீடித்தால் தண்டு வருவது தடைபடும். கேமரன் மலையில் எளிதாகப் பூக்கும் செடி சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் வெறும் இலையோடு நின்றால், அதற்கு ‘பூக்க வைக்கும்’ உரம் ஊற்றிப் பயனில்லை. 1981ல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமின் கதை வேறு. அதற்கு முழு வெயில் வேண்டும். நிழலான நடைவழியில் அது உயரமாக வளரும், பூக்காது. இங்கே குறை செடியில் இல்லை, நாம் வைத்த இடத்தில் இருக்கிறது.

மறுபுறம், உண்மையிலேயே தீராத நோயும் உண்டு. சைம்பிடியம் மொசைக் வைரஸ், ஒடொன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ் ஆகிய இரண்டும் உலகெங்கும் ஆர்க்கிட்டுகளில் அதிகம் காணப்படுபவை. இலையில் வெளிறிய கோடுகள், பூவில் நிறத் திட்டுகள் தோன்றலாம். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். இவற்றைக் குணமாக்க மருந்து கிடையாது. இவற்றை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நம் கத்தரிக்கோல்தான். பரிவோடு ஒவ்வொரு செடியாக வெட்டிச் சீர்செய்யும் கைகளே நோயைப் பரப்புகின்றன. எனவே ஒரு செடிக்குப் பயன்படுத்திய கத்தியைச் சூடாக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். வைரஸ் உறுதியான செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கன்று பிரித்து நண்பருக்குக் கொடுப்பது அன்பாகாது.

‘கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?’ என்று நீங்கள் கேட்கலாம். நேரமில்லாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், காரணம் தெரியாமல் வாங்கும் அடுத்த செடியும் அதே துளையில்லாத் தொட்டியில், அதே ஈரத்தில்தான் சாகும். அந்தத் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தட்டைத் தூக்கி நீரைக் கொட்டுங்கள் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்வது உங்கள் ஆர்க்கிட்டுக்கும் நல்ல வைத்தியம்.

விற்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. விலை ஒட்டும் இடத்தில் மூன்று வரி எழுதினால் போதும்: ‘பூ முடிந்ததும் துளையுள்ள தொட்டிக்கு மாற்றவும். வேர் வெள்ளியானால் மட்டும் நீர் ஊற்றவும். சமவெளியில் மீண்டும் பூப்பது அரிது.’ இதனால் விற்பனை சற்றுக் குறையலாம். ஆனால் வாங்குபவர் ஏமாறமாட்டார்.

வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். தட்டைக் கவிழ்த்து, வேரின் நிறத்தைப் பார்த்து, இலையின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். அதற்குப் பிறகும் மருந்து தேவையென்று தோன்றினால் எதற்கான மருந்து என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பல நேரங்களில் கடைக்குப் போகவே வேண்டியிருக்காது.