கணக்கு வராத கடிதம்

முன்பெல்லாம் தேர்தல் வந்தால் அபேட்சகர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்து, கும்பிட்டு, வோட்டுக் கேட்பார்கள். இப்போது வோட்டுக் கேட்பதற்கு முன்னால் பணம் கேட்கிறார்கள். அதற்காக வாசல் வரை நடக்கிற சிரமங்கூட அவர்களுக்கு இல்லை. நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள் கடிதமாக வந்து இறங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பத்தியில் நான் கட்சி பேசுவதில்லை என்பது நேயர்களுக்குத் தெரியும். இன்றும் கட்சி பேசப் போவதில்லை. கட்சிகள் எழுதும் கடிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஜேடர்பாளையத்தில் என் மாமனாருக்கு ராஜா வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் கரும்பும், வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையும் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் நான் போயிருந்தபோது, கொப்பரையின் பக்கத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து, செல்போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, என்னை யாரோ 'வீரத் தளபதியே'ன்னு கூப்பிட்டு எழுதியிருக்காங்க. இந்த வயசிலே நான் எந்தப் படைக்குங்க தளபதி?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். எதிரிகள் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார்களாம். அவர்கள் திருடர்களாம், தேசத்தையும் மொழியையும் விற்றுவிடுவார்களாம். அவர்களைத் தடுக்கும் வல்லமை என் மாமனார் ஒருவருக்குத்தான் உண்டாம். அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் அன்றிரவு பன்னிரண்டு மணிக்குள் நூறு ரூபாய் அனுப்புவதுதான்!

விஷயம் இதுதான். அதற்கு முந்திய தேர்தலில் ஓர் அபேட்சகரின் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. ஆசையாக ஐம்பது ரூபாய் அனுப்பினார். அந்த ஐம்பது ரூபாயோடு அவருடைய பெயரும் நம்பரும் ஏதோ ஒரு ஜாபிதாவில் ஏறிவிட்டன. அடுத்த தேர்தலில் அவர் வேறு கட்சிக்கு வோட்டுப் போட்டார் என்பது அந்த ஜாபிதாவுக்குத் தெரியாது. வோட்டு என்பது பரம்பரைச் சொத்தல்ல, ஒவ்வொரு தடவையும் யோசித்துக் கொடுக்கிற காரியம் என்பது அவருடைய கொள்கை. பத்து நாள் கழித்து எதிர்க் கட்சியிடமிருந்தும் கடிதம் வந்தது. அதிலும் அவர் வீரர்தான். திருடர்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள்.

எனக்கும் இந்தக் கடிதங்கள் வருகின்றன. ஸர்க்கார் பள்ளிக்கூட உபாத்தியாயர் அரசியல் கட்சிக்குச் சந்தா கொடுக்கக் கூடாது என்பது உத்தியோக நடத்தை விதி. அந்த விதிகளை உண்டாக்கி நடத்துவதும் ஆளுங் கட்சிகள்தான். 'கொடுங்கள்' என்று எனக்கு எழுதுவதும் கட்சிகள்தான். சட்டம் ஒரு கையைப் பின்னால் கட்டுகிறது. கடிதம் மற்றக் கையை நீட்டச் சொல்கிறது.

ஜனங்களிடம் பணம் கேட்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, நாலணாச் சந்தா கொடுத்தவர்களை அங்கத்தினர்களாக ஏற்றது. அடுத்த வருஷம் காந்தியடிகள் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் கேட்டார். 1921 ஜூன் 30-க்குள் வேண்டும் என்று தவணையும் வைத்தார். ஏழைகளின் செம்புக் காசும் பெண்களின் வளையல்களும் சேர்ந்து அந்த ஒரு கோடி சேர்ந்தது. தமிழ்நாட்டிலே 1967 தேர்தலுக்கு முன்பு அண்ணாதுரை பத்து லட்சம் வேண்டுமென்றார். கருணாநிதி பதினொரு லட்சம் திரட்டிக் கொடுத்தார். கம்யூனிஸ்டுகள் கடைத் தெருவில் உண்டியல் குலுக்குவதை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். கையேந்துவதில் அவமானமில்லை. பத்துப் பேரிடம் கோடி வாங்குவதைவிடக் கோடிப் பேரிடம் பத்து வாங்குவது கட்சிக்கும் நல்லது, தேசத்துக்கும் நல்லது.

ஆனால் காந்தியடிகள் காசு கேட்டதோடு நிற்கவில்லை. கணக்கிலும் கண்டிப்பாக இருந்தார். அப்படிப்பட்ட மனிதர் கேட்டதனால்தான் ஜனங்கள் கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பக்கத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். நோன்பு முடிந்த பிறகு ஒரு நாள் கோயில் வாசலில் ஊர் கூடும். ஒருவர் வரவு செலவை வாசிப்பார். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, கற்பூரம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. 'போன வருஷத்தைவிட எண்ணெய் ஏன் அதிகம்?' என்று வரி கொடுத்தவன் எவனும் எழுந்து கேட்கலாம். கேட்டவனை யாரும் அம்மனுக்கு விரோதி என்று சொல்வதில்லை. நிதி என்பதற்கு ஊர் கண்ட இலக்கணம் இதுதான்: கொடுக்கும் கைக்குக் கேட்கும் வாயும் உண்டு.

கட்சிக் கடிதத்தில் அந்த வாய்க்குத்தான் இடமில்லை. இந்தக் கடிதக் கலை வளர்ந்த இடம் அமெரிக்கா. 1964-இல் ஜனாதிபதி தேர்தலில் தோற்ற பாரி கோல்டுவாட்டருக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் வாஷிங்டனில் ஸர்க்கார் காரியாலயம் ஒன்றில் பதிவாகியிருந்தன. ரிச்சர்டு விகெரி என்பவர் அங்கே போய், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்களைக் கையாலேயே எழுதி எடுத்துவந்தார். அந்த ஜாபிதாவை வைத்துக்கொண்டு தபாலில் நிதி திரட்டும் தொழிலைத் தொடங்கினார். ஒரு தடவை கொடுத்தவன் மறு தடவையும் கொடுப்பான். பயமும் கோபமும் வந்தால் சீக்கிரம் கொடுப்பான். இதுதான் அந்தத் தொழிலின் மூலமந்திரம். அங்கே இரு பெரும் கட்சிகளும் அதையே ஜபிக்கின்றன. 2020 தேர்தலில் டிரம்ப் தரப்பின் நன்கொடைப் பக்கத்தில், வாராவாரம் பணம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறி போட்டு வைத்திருந்தார்கள். கவனிக்காமல் கொடுத்தவர்கள் பாங்கிக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்த தொகை 12 கோடி டாலருக்கு மேல்.

கோபத்தினால் காசு விளையும் என்றால், கோபப்படாதவனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இரு பக்கமும் கேட்டு யோசிக்கிறவன், ஒரு கட்சியின் ஒரு காரியத்தை மெச்சி மற்றொன்றைக் கண்டிக்கிறவன், இவர்களுடைய ஜாபிதாவில் எந்தப் பத்தியிலும் அடங்குவதில்லை. இத்தனைக்கும் எந்தத் தேர்தலிலும் ஜயம் தோல்வியை முடிவு செய்கிறவன் அவன்தான்!

நம் நாட்டிலும் இந்தக் கலை வந்துவிட்டது. பாரதீய ஜனதாக் கட்சி 2021 டிசம்பரில் ஐந்து ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் வரை சிறு நன்கொடை கேட்டது. 2024 மார்ச்சில் பிரதம மந்திரி மோடி தாமே 2,000 ரூபாய் கொடுத்து, மற்றவர்களையும் கொடுக்கச் சொன்னார். காங்கிரஸ் தனக்கு 138 வயதானதைக் காட்டி, 2023 டிசம்பரில் 138 ரூபாய், 1,380 ரூபாய் என்று கேட்டது. திலகர் நிதியையும் நினைவூட்டியது. கேட்டது சரி. ஆனால் அதே காலத்தில் கட்சிகளின் பெரும் பணம் எங்கிருந்து வந்தது?

தேர்தல் பத்திரத் திட்டம் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யாரென்று ஊருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை ரத்துச் செய்தார்கள். அதற்குள் 16,500 கோடி ரூபாய் அந்த வழியாகப் போயிருந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். மிகப் பெரிய பங்கு மத்தியில் ஆண்ட பாரதீய ஜனதாக் கட்சிக்கு. தி.மு.க. பெற்ற 656 கோடியில் 509 கோடி, கோயமுத்தூரைச் சேர்ந்த ஒரே லாட்டரிக் கம்பெனி கொடுத்தது. மார்க்ஸிஸ்ட் கட்சி பத்திரம் வாங்க மறுத்து, வழக்கும் தொடுத்தது; அது பெருமைதான். ஆனால் 2019 பார்லிமெண்ட் தேர்தலுக்குத் தி.மு.க. காட்டிய செலவுக் கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்ஸிஸ்டுக்கு 10 கோடி, எங்கள் நாமக்கல் தொகுதியில் நின்ற கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி என்று இருந்தது. பாங்கி மூலமாக வாங்கியது, கணக்கில் உள்ளது என்றார்கள் இடதுசாரிகள். இருக்கலாம். ஆனால் உண்டியலில் பத்து ரூபாய் போட்டவனுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் ஊர் அணையிலிருந்து ராஜா வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும்போது மதகு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதைப் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்கலாம். கடைமடைக்காரன்கூட வந்து பார்த்துச் சண்டை போடலாம். கட்சி நிதியின் மதகு மட்டும் போர்வைக்குள் இருக்கிறது. 2013 ஜூன் மாதத்தில் மத்திய தகவல் கமிஷன், ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று தீர்ப்புச் சொன்னது. வேறெதிலும் ஒத்துப்போகாத கட்சிகள், அந்தத் தீர்ப்பை மதிக்காமலிருப்பதில் மட்டும் ஒத்துப்போயின.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. பணம் போனால் போகிறது. என் மனத்தை வருத்தியது வேறொன்று.

மாமனாருக்கு மேற்குத் தோட்டத்துக்காரர் ஒருவர் நாற்பது வருஷத்துச் சிநேகிதர். இருவருக்கும் கட்சி வேறு வேறு. திருவிழாக் கணக்கை ஊரில் வாசிப்பது இந்த இருவர்தான். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து பார்த்தால் கணக்கில் சந்தேகம் வராது என்று ஊர் செய்த ஏற்பாடு அது. மாமனார் விளையாட்டாக அந்தத் 'தளபதி'க் கடிதத்தை அவருக்கு அனுப்பிவிட்டார். திருடன், தேசத் துரோகி என்ற வார்த்தைகளைச் சிநேகிதர் கடிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. அனுப்பியவர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

"நீ என்னைத் திருடன்னு நெனைப்பேன்னு நான் நெனைக்கலையப்பா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாராம். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆலைக் கொட்டகைப் பக்கம் அவர் வரவில்லை. எங்கோ நகரத்தில் கூலிக்கு எழுதப்பட்ட நாலு வரி. நாற்பது வருஷத்தை உரசிவிட்டது.

மாமனார் கட்சிக்குப் பதில் எழுதினார். நான்தான் தட்டிக் கொடுத்தேன். 'நான் அனுப்பிய ஐம்பது ரூபாய் எதற்குச் செலவாயிற்று? உங்களுக்கு அதிகமாகக் கொடுத்த பத்துப் பேர் யார்? எதிர்க் கட்சியைத் திட்டாமல், நீங்கள் செய்யப் போவதை மட்டும் எழுத முடியுமா?' மூன்றே கேள்விகள். மறுநாள் பதில் வந்தது. 'அன்பார்ந்த தளபதியே, இன்னும் ஆறு மணி நேரந்தான் இருக்கிறது' என்று ஆரம்பித்தது. இம்முறை இருநூறு ரூபாய்!

நேயர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இஷ்டமிருந்தால் கொடுங்கள், கொடுப்பது குற்றமல்ல. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயர்களைக் கட்சிகள் தேர்தல் கமிஷனுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். கமிஷன் அவற்றை வெளியிடுகிறது. கொடுக்கும் முன் அதை வாசியுங்கள். வீட்டில் படிக்கிற பையனையோ பெண்ணையோ வாசிக்கச் சொல்லுங்கள். கணக்குக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள வசவை மட்டும் அடுத்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும் நாள் வந்தது. நானும் போயிருந்தேன். மேற்குத் தோட்டத்துக்காரர் வருவாரோ மாட்டாரோ என்று மாமனாருக்குக் கவலை. அவர் வந்தார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், முகம் பாராமல் நோட்டை வாங்கிக்கொண்டார். மாமனார் வாசிக்க, அவர் ரசீதுகளோடு ஒத்துப் பார்த்தார். கற்பூரக் கணக்கில் நாற்பது ரூபாய் இடித்தது. இரண்டு பேருமாகத் தலையைச் சேர்த்துவைத்துத் தேடினார்கள். ரசீது மாமனாருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

"திருடன் யாருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு" என்றார் சிநேகிதர். கூட்டம் சிரித்தது; மாமனாரும் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமனார் அந்தக் கணக்குக் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"இந்த மாதிரி ஒரு காகிதம் அவுங்க அனுப்பட்டுமுங்க மாப்பிள்ளை. எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, நானே நூறு ரூபாய் அனுப்பறேன்" என்றார்.