நோயாளரை வகுப்பவர் யாவர்?

வைத்தியசாலைக்குப் பொருள் அளிக்குமுன் நோயாளரை வகுத்தல் வேண்டுமென்பது இக்காலத்து வழக்கு. அமெரிக்க தேயத்தார், யேல் சர்வகலாசாலையில் தோன்றிய முறையைத் தழுவி, 1983 முதல் முதியோர் காப்பீட்டில் நோயின் இனம் நோக்கி ஒரு தொகை வரையறுத்தளிக்கின்றனர். ஜெர்மானியரும் 2003இல் அவ்வழிப் புகுந்தனர். நமது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் 2012 முதல் சிகிச்சைதோறும் தொகை குறித்துளது. ஆயின் வருமானச் சான்று முன்னர்க் காட்டல் வேண்டும். தாமிரபரணிக் கரையில் நாற்று நடும் மூதாட்டி, ஒருநாட் கூலியை இழந்தன்றோ அதனைப் பெறுகின்றாள்!

டாக்டர் கோ. வேங்கடசாமி 1976இல் மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது. அங்கே கட்டணம் செலுத்துவதோ இலவசமாகப் பெறுவதோ நோயாளர் தாமே தெரிந்துகொள்வர், சான்று கேட்பாரிலர். செலுத்துவோர் பொருளே ஏனையோர்க்கும் உதவுகின்றது.

செல்வரும் இலவசம் நாடாரோ எனின், சிலர் நாடுவர். அச்சிலர் பொருட்டு வறியோர் அனைவரையும் வினவுதல் முறையோ? கண்புரைச் சிகிச்சை பெரும்பாலும் ஒருபடித்தாதலின் அங்கு இஃது எளிதாயிற்று என்பது மெய்யே. இருதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் செலவு மிகப் பெரிது. அரசின் தொகைக்கணக்கு அவற்றிற்கு இன்றியமையாதது. எனினும் அத்திட்டத்தில், சான்றுக்கு ஈடாக நோயாளர் வாய்மொழியை முதலில் ஏற்கலாம். ஐயமுற்றவிடத்துச் சிகிச்சை முடிந்தபின் ஆராய்ந்துகொள்ளலாம்.