வெற்றி வேறு, முற்றுகை வேறு

2024ஆம் ஆண்டு உலக வாகை சூடிய குகேஷின் ஊர் சென்னை. இந்நகரில், வேளச்சேரி முதலான பகுதிகளில் சதுரங்கம் பயிலும் சிறார் பலர் கணினி நிரலையே ஆசானாகக் கொள்கின்றனர். 'ஸ்டாக்ஃபிஷ்' போன்ற நிரல்கள் உலக வாகையரையும் விஞ்சுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், எதிரி தப்பவியலாத நெடிய இறுதி முற்றுகையைக் காண்பதில் அவை எப்போதும் வல்லவை அல்ல.

ஒவ்வொரு நிலையிலும் முப்பது நகர்வுகள் இயலுமெனின், இருவரும் இரண்டிரண்டு முறை ஆடுவதற்குள் 8,10,000 வழிகள் கிளைக்கும். ஆதலின் இழப்பெனத் தோன்றும் கிளைகளை நிரல் மேலோட்டமாய் நோக்கி ஒதுக்கிவிடுகிறது. ஆட்டத்தை வெல்ல அதுவே போதும். காய்களைப் பலியிட்டுப் பெறும் முற்றுகையோ அக்கிளைகளிலேதான் மறைந்திருக்கக் கூடும்.

அரபியரும் பாரசீகரும் 'மன்சூபா' எனும் சதுரங்கப் புதிர்களைப் போற்றி வளர்த்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-அத்லீயும் பத்தாம் நூற்றாண்டில் அஸ்-சூலீயும் அவற்றைத் தொகுத்தனர். பணயமாக வைக்கப்பட்ட திலாராம் என்பாள், இரு கோட்டைகளையும் பலியிட்டுத் தன்னைக் காக்குமாறு கணவனுக்கு உணர்த்தியதாகக் கதை வழங்கும் புதிர் அவற்றுள் புகழ்மிக்கது.

விடை ஐயமற நிறுவப்பட்ட இத்தகைய புதிர்களே நிரலுக்கும் உரைகல். இக்காலச் சதுரங்க விதிப்படி அமைந்த நெடும்புதிர்களைக் கொடுத்து, குறித்த காலத்துள் மிகக் குறுகிய முற்றுகையைக் காண்கிறதா எனச் சோதித்தல் வேண்டும். திரையில் தோன்றும் மதிப்பெண் வெறும் கணிப்பு, முற்றுகையே நிறுவல்.

மாணவர் முதலில் தாமே விடை தேடி, பின்னரே நிரலை வினவுதல் நன்று. போட்டி அரங்கினுள் கைப்பேசிக்கு இடமில்லை. அங்குத் துணைவருவது சொந்தச் சிந்தனை ஒன்றே.